எழுதாத பச்சைத் தாள்

என் பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில், ஒரு பச்சைத் தாள் இருக்கிறது. கோர்ட்டு மனு அடிக்கிற கெட்டித் தாள். ஓரமெல்லாம் பழுத்து, மடித்த இடத்தில் இற்றுப்போயிருக்கிறது. மேலிருந்து கீழ்வரை அதில் ஒன்றும் எழுதியிருக்காது. அடியில், வலது மூலையில், நீல மையில் ஒரு கையெழுத்து மட்டும் இருக்கும். முதல் எழுத்து தெளிவாகத் தொடங்கி, போகப் போக நடுங்கி, கடைசிச் சுழி தாளை விட்டே ஓடப் பார்க்கும். அதை வாங்கியவள் நான். போட்டவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தத் தாளைத் தவிர வேறெங்கும் அது இருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கரையான்சாவடியில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு வக்கீல் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். வீடு பாடியில். அப்பா அங்கே ஒரு பேக்டரியில் லேத் ஓட்டினார். இரண்டு பஸ் மாறி வருவேன். முதல் பஸ் தவறிவிட்டால் அன்றைக்கு முழுக்க யார் மேலாவது எரிந்து விழுவேன். வேலையிலும் வேகம், வாயிலும் வேகம். வக்கீல் சார் நில வழக்கும் ஜாமீன் மனுவும் பார்த்துப் பிழைத்துக்கொண்டே, இலங்கையில் சண்டைக்குத் தப்பி வந்தவர்களின் வழக்குகளைப் பைசா வாங்காமல் நடத்தினார். எங்கள் சாலையிலேயே மேற்கே போனால் வருகிற ஓர் ஊரில் குண்டு வெடித்துப் பெரிய தலைவர் ஒருவர் இறந்த பிறகு, அந்த வழக்குகளைத் தொடவே பலர் பயந்தார்கள். "பாவம், சிலோன்காரங்க" என்று சோறு போட்ட தெருக்களிலேயே அவர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. சைக்கிள் கடை வாசலில் ஒருவர் தினமும் வந்து உட்கார்ந்து ஒரே பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படிப்பார். அவர் போலீஸ் ஆள், மாடிக்கு யார் ஏறுகிறார்கள் என்று பார்க்கத்தான் வருகிறார் என்பது கடைப் பையனிலிருந்து எல்லோருக்கும் தெரியும். காலையில் டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போதெல்லாம் அப்பா, "ஊர்ல வேற வக்கீலே இல்லியாம்மா உனக்கு?" என்பார். நான் முறைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். ஆனால் அந்தப் பேப்பர்க்காரரைத் தாண்டும்போது நானும் தலையைக் குனிந்துகொண்டு இரண்டிரண்டு படியாக ஏறுவேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. தூரத்திலிருந்து வருகிறவரை மறுபடி அலைய வைக்க வேண்டாம் என்று, மனு எழுதுவதற்கு முன்பே வெற்றுத் தாள்களின் அடியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வோம். பிறகு நிதானமாக மேலே அடித்துக்கொள்ளலாம். இதில் நான் கெட்டிக்காரி. கையெழுத்து எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே, அந்தத் தாளில் எத்தனை வரி பிடிக்கும் என்று சொல்லிவிடுவேன். கடைசி வரி கையெழுத்தின் தலையை இடிக்காமல் கச்சிதமாக வந்து நிற்கும். ஐகோர்ட்டு மனு ஆங்கிலத்தில் இருக்கும். அதனால் முடிவில், இதெல்லாம் மனுதாரருக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது, அவர் புரிந்துகொண்டு கையெழுத்திட்டார் என்று ஒரு வரி வரும். அதையும் நானே அடித்துவிடுவேன். யாருக்கும் எதையும் படித்துக் காட்டியதில்லை. அது தப்பென்று தோன்றியதும் இல்லை. நாங்கள் அவர்களுக்கு நல்லதுதானே செய்துகொண்டிருந்தோம்.

அக்கா ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இலங்கையில் தன் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஓர் அறையில் தம்பியோடு வந்து குடியேறியவர். தம்பிக்கு இருபது வயது. விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று கூட்டிப்போன போலீஸ்காரர்கள், எட்டு மாதமாக அவனை முகாமில் வைத்திருந்தார்கள். முகாம் என்பது பெயர்தான். சந்தேகப்பட்ட அகதிகளை வைத்திருந்த இடம் அது. வாசலில் பூட்டும் மதில்மேல் முள்கம்பியும் இருந்தன. அடுத்த வாரம் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப் போகிறவர்களின் பட்டியலில் அவன் பெயர் வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, அக்கா ஓடி வந்திருந்தார். வக்கீல் சார் ஐகோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்திலேயே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "வெள்ளிக்கிழமை மனு உள்ள போயாகணும். பழைய மனு மாதிரியே அடிச்சு வை. கையெழுத்தெல்லாம் வாங்கிடு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவனை அங்கே இறக்கினால் பிழைக்க மாட்டான் என்று படியிலிருந்தே திரும்பிச் சொன்னதை அக்காவும் கேட்டார்.

நான் வக்காலத்துப் படிவத்தையும் ஆறு பச்சைத் தாள்களையும் விசிறி மாதிரி விரித்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு அவர் முன்னால் நகர்த்தினேன். அவர் முதல் தாளைத் தூக்கி, பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இதில ஒண்டும் எழுதேல்லையே, தங்கச்சி?"

"அதெல்லாம் அப்பறம் அடிச்சிக்குவேங்க்கா. எல்லாரும் போடுறதுதான். சீக்கிரம் போடுங்க, இன்னும் ரெண்டு பெட்டிஷன் பாக்கி கீது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்போது எனக்கு அந்தப் பார்வை புரியவில்லை. படிப்பு இருந்தும் மந்தமாக இருக்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது. பேனாவைத் திறந்து கையில் திணித்தேன். ஒரு தாளில் போட்டார். கை நடுங்கியது. காலையில் சாப்பிட்டிருக்க மாட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது தாளை எடுத்து வைப்பதற்குள் பேனாவை மூடிவிட்டு எழுந்தார். "கொஞ்சம் பொறுங்கோ, இப்ப வாறன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பாத்ரூமுக்குப் போகிறார் என்று நினைத்து நான் அடுத்த மனுவை மிஷினில் ஏற்றினேன். அரை மணி கழித்து எட்டிப் பார்த்தபோது தெருவில் அவர் இல்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்கப் படிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து பார்த்தேன். மனுவின் முதல் ஐந்து பக்கத்தைக் கையெழுத்தில்லாத தாள்களில் அடித்து வைத்துவிட்டேன். மத்தியானம் சார் ஐகோர்ட்டிலிருந்து போன் செய்து, "கையெழுத்து ஆச்சா?" என்றார். "ஆயிடுச்சு சார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வந்துவிடுவார் என்று நம்பினேன், அவ்வளவுதான். சாயங்காலம் நாலு மணிக்கு இன்னொரு காரியமும் செய்தேன். அந்த ஒற்றைக் கையெழுத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரஃப் பேப்பரில் அதே மாதிரி இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். இரண்டாவது தடவை ஓரளவுக்கு வந்தது. ஒரு பையனின் உயிர் போகிற விஷயத்தில் இதெல்லாம் பெரிய தப்பா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அந்தச் சமயம் படியில் காலடிச் சத்தம் கேட்டது. போஸ்ட்மேன்தான். ஆனால் எனக்கு உயிரே போய்விட்டது. ரஃப் பேப்பரைச் சுக்குச் சுக்காகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு போய், பாடி ஸ்டாப்பிங்கில் இறங்கிக் குப்பைத் தொட்டியில் கொட்டினேன்.

புதன்கிழமை காலையில் ஆபீசுக்குப் போகாமல் நேரே அயனம்பாக்கம் போனேன். ஏரிக்கரைக்குப் பின்னால் விசாரித்து விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்கார அம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"அது திங்கக்கெயமயே மூட்டைய கட்டிக்கினு பூட்சேம்மா. இன்னா ஏதுன்னு கேட்டா ஒரே அயுவ. எவளோ வக்கீலூட்டுப் பொண்ணு வெத்துப் பேப்பர்ல கையெயுத்து வாங்கிட்சாம். இனிமே அதையும் சேத்துக் கப்பல்ல ஏத்திடுவாங்களாம்."

அந்த அம்மா மீனை விட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கையில் ஆபீஸ் ஃபைல் இருந்தது.

"நீதானா அது? ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? அது பெரிய அண்ணங்காரன அந்த ஊர் மில்ட்டிரி இட்டுக்கினு போயி, இப்டித்தான் வெத்துப் பேப்பர்ல கையெயுத்து வாங்குனாங்களாம். அப்பாலிக்கா அதுல இன்னாத்தயோ எய்தி, இவனே ஒத்துக்கினான்னு சொல்லிட்டாங்களாம். போனவன் போனவன்தான். இங்க வந்தும் அதே பேப்பர நீட்டுனா அது இன்னா பண்ணும்?"

திங்கட்கிழமை அக்கா என்னைப் பார்த்த பார்வை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் மந்தமாக இருக்கவில்லை. எங்கே மறுத்தால் தம்பிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு தாளில் போட்டிருக்கிறார். அதற்கு மேல் தாங்காமல் ஓடியிருக்கிறார். எங்கே போயிருப்பார் என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்? ஆனா தம்பி உள்ள கீறான். அத்த உட்டுட்டு எங்க போவும்?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா மறுபடி மீனைக் கழுவ ஆரம்பித்தார்.

முகாமில் ஆட்களைப் பார்க்க விடுவது வியாழக்கிழமை மட்டும்தான். ஆபீசுக்குத் திரும்பிக் கடைசிப் பக்கத்தைப் புதுத் தாளில் அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்ட தாளைத் தனியாக ஒரு கவரில் வைத்தேன். வியாழன் காலை எட்டு மணிக்கே முகாம் வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சாப்பாட்டுத் தூக்கோடும் சோப்பு, பிஸ்கட்டோடும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து மதிலோரம் வரிசையில் நின்றார்கள். பத்து மணியாயிற்று. பதினொன்று. ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிறவர்களைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. வராவிட்டால் சாரிடம் என்ன சொல்வது, அவன் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. நாலாவது டீயைக் கடைக்காரரே கேட்காமல் கொடுத்தார்.

பதினொன்றரைக்கு அக்கா வந்தார். என்னைக் கண்டதும் நின்றார். பிறகு தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு, வந்த வழியே வேகமாக நடந்தார். நான் ரோட்டைக் குறுக்கே கடந்து ஓடினேன். ஒரு லாரிக்காரர் என் அம்மாவை இழுத்துத் திட்டிவிட்டுப் போனார். அக்காவின் பக்கத்தில் போய்க் கவரை நீட்டினேன். அவர் பிரித்துப் பார்த்தார். தன் கையெழுத்தையும் அதற்கு மேலே இருந்த வெறும் இடத்தையும் பார்த்தார். பிறகு தாளை வெயிலில் தூக்கிப் பிடித்து, ஏதாவது எழுதி அழித்திருக்கிறதா என்று பார்த்தார். அது எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. தாளை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

"நான் மனுவை உங்களுக்குப் படிச்சுக் காட்டணும்க்கா. பிடிச்சா போடுங்க. இல்லேன்னா வேணாம்."

டீக்கடைப் பெஞ்சுக்கே கூட்டி வந்தேன். ஆங்கில வரியைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் அடித்த ஒரு மனுவை அதற்குரியவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கீழே பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தார். ஊர்ப் பெயர், படகில் வந்தது, போலீஸில் பதிவு செய்தது, எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். நாலாவது பக்கத்தில், 'என் தம்பிக்கு எக்காலத்திலும் எந்த இயக்கத்தோடும் எவ்விதத் தொடர்பும் இருந்ததில்லை' என்று படித்தேன். அது எங்கள் எல்லா மனுவிலும் இருக்கிற வரி. பழைய கார்பன் காப்பியைப் பார்த்து, யாரையும் கேட்காமல் நான் அடித்துவிடுகிற வரி.

"இது பொய், தங்கச்சி."

பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பள்ளிக்கூடத்தால வரேக்க இயக்கக்காரர் பிடிச்சுக்கொண்டு போனவை. மூண்டு மாதம் வைச்சிருந்தவை. பதினாறு வயசு அவனுக்கு. ஒரு விடியக்காலை தப்பி ஓடி வந்தவன். அதாலதான் படகு ஏறினனாங்கள். ஆமி கண்டாலும் விடாது, அவையள் கண்டாலும் விடாயினம். அதை எழுதாமல் வேற என்னத்தை எழுதியிருக்கிறீங்கள்?"

அவன் அதை முகாம் விசாரணையில் முதல் நாளே சொல்லியிருந்தானாம். அரசு வக்கீல் கையில் அந்த வாக்குமூலம் இருக்கும். நான் அடித்த வரியோடு மனு போயிருந்தால், அக்காவே பொய் சொன்னதாக ஆகியிருக்கும், அவனைக் காப்பாற்றக்கூடிய ஒரே காரணமும் போயிருக்கும். நான் அவர் கையெழுத்துக்கு மேலே, அவர் சொல்லாத ஒன்றை அடிக்க இருந்தேன். அங்கே அந்த மில்ட்டிரிக்காரர்கள் அவர் அண்ணனுக்குச் செய்த அதே வேலை. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள், நான் நல்ல எண்ணத்தோடு செய்ய இருந்தேன். தாளுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியப் போகிறது? எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா ஆறுதல் சொல்லவில்லை. தம்பியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வரிசையில் போய் நின்றார். திரும்பி வந்தபோது, "அவனும் சம்மதம். உள்ளதை எழுதுங்கோ" என்றார்.

இருவரும் பஸ் பிடித்து ஆபீசுக்கு வந்தோம். சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், போனில் சொன்ன பொய்யையும் சேர்த்து. அவர் என்னைத் திட்டவில்லை. இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, "உண்மையை எழுதினா அவனை உள்ளயே வெச்சிடுவாங்களேம்மா. எழுதலேன்னா அனுப்பிடுவாங்க" என்றார். முடிவை அக்காதான் சொன்னார். "உள்ள இருந்தாலும் பறவாயில்லை. வியாழக்கிழமை பார்க்கலாம்." அந்தப் பக்கத்தைச் சார் சொல்லச் சொல்லப் புதிதாக அடித்தேன். மறுபடி முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டினேன். அக்கா ஒவ்வொரு பக்கமாக, எழுதி முடிந்த தாள்களின் அடியில் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மனு போயிற்று. திங்கட்கிழமை விசாரணை. அன்று ஆபீசில் நானும் அக்காவும் மட்டும் போனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். கீழே பேப்பர்க்காரர் பக்கம் திருப்புகிற சத்தம்கூடக் கேட்பது போல இருந்தது. இரண்டு தடவை மணி அடித்து, இரண்டும் ராங் நம்பர். மூன்றாவது தடவை சார். "தடை கெடைச்சிடுச்சு. அனுப்ப முடியாது. ஆனா வெளிய விடலை" என்றார். நான் சொன்னதும் அக்கா தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த பச்சைத் தாளை எடுத்து என் மிஷின்மேல் வைத்தார்.

"கிழிச்சுப் போட்டுடுங்கக்கா" என்றேன்.

"தேவையில்லை. உங்களிட்ட இருக்கட்டும். இனி உங்களிட்ட இருந்தாப் பயமில்லை."

மன்னித்தாரா, தண்டித்தாரா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. தம்பி இன்னும் ஒன்றரை வருடம் மதிலுக்குள் இருந்தான். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அக்கா தூக்கோடு போனார். பிறகு அவனை விட்டார்கள். இருவரும் எங்கோ ஒரு குளிர் நாட்டுக்குப் போனதாகக் கடிதம் வந்தது. அதற்குப் பதில் போட்டேன். அப்புறம் கடிதம் இல்லை. நான் அந்த ஆபீசில் இருந்தவரை வெற்றுத் தாளில் யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. படித்துக் காட்டி முடிக்க நேரமாகி, எத்தனையோ நாள் பஸ்ஸை விட்டிருக்கிறேன். அப்பா அதற்கும் திட்டுவார்.

போன மாதம் என் கணவருக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் நாலைந்து படிவங்களை விசிறி மாதிரி விரித்து, "இங்க, இங்க, இங்க போடுங்க மேடம்" என்றாள். எல்லாக் கட்டமும் காலி. முதலில் எழுதும்மா, அப்புறம் போடுகிறேன் என்றேன். "எல்லாரும் போடுறதுதான் மேடம், டைம் ஆகுது" என்றாள் எரிச்சலோடு. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். அவள் முணுமுணுத்துக்கொண்டே எழுதி முடிக்கும்வரை பேனாவை மூடியே வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. எனக்குப் பிறகு இது யார் கைக்குப் போகும் என்ற கவலை இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறது. கிழிக்க மனம் வரவில்லை. நம்பிக் கொடுத்ததைக் கிழிக்க நான் யார்? பிரித்து மடியில் வைத்துப் பார்த்தேன். கண் தானாகவே மேல் ஓரத்திலிருந்து இறங்கிக் கையெழுத்துக்கு மேலே வந்து நின்றது. இருபத்திரண்டு வரி பிடிக்கும். எண்ணக் கூடாது என்று நினைப்பதற்குள் எண்ணி முடித்துவிட்டேன். சட்டென்று மடித்து, புடவைக்கு அடியில் தள்ளி, பீரோவைப் பூட்டினேன். பூட்டியிருக்கிறதா என்று இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.